தாணே ஸ்டேஷன் வடா பாவ் குறித்து அண்ணாவுக்கு ஒரு விளக்கம்

அகோலா,
19 டிசம்பர் 1988

தகப்பனாருக்குப் பின் தகப்பனாராக இருந்து எங்களை ஆளாக்கிய மூத்த அண்ணா திகம்பர் அவர்களின் பாதங்களில் தம்பி வாமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொள்வது. உங்கள் ஆசியால் இங்கே நானும் வத்சலாவும் சௌக்கியம். யவத்மாலில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் காலைத் தும்மலும் இந்தக் குளிருக்கு அதிகமாகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் மூன்று தந்திகளும் வந்து சேர்ந்தன. முதலாவது, "என்ன ஆயிற்று." இரண்டாவது, "பதில் ஏன் இல்லை." மூன்றாவதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "கழுதை." தந்திக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சார், யாருக்கோ ரொம்ப அவசரம் போல, சுருக்கமா முடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாட்கள் பதில் எழுதாதது என் தவறு. ஆனால் நடந்ததைத் தந்தியில் அடக்க முடியாது என்பதை இக்கடிதத்தைப் படித்ததும் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நம் தங்கை குமுத் ஐம்பத்திரண்டு வயதில், புருஷன் போய்ப் பதினான்கு வருடம் கழித்து, தாணேயில் மரியாதையாக டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருப்பவள், யஷ்வந்த் கதம் என்ற ரிட்டையரான லோக்கல் ரயில் டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போகிறாள் என்று தெரிந்த அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டதாக அண்ணி எழுதியிருந்தாள். அடுத்த வாரமே நீங்கள் ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் கொடுத்து, டிசம்பர் ஏழாம் தேதி புதன்கிழமை பதினொன்றரை மணிக்குள் அதைத் திருமணப் பதிவு அதிகாரியின் கையில் சேர்த்துவிட வேண்டும், கல்யாணம் அங்கேயே நின்றுவிடும் என்று சொன்னீர்கள். நானும் கணபதி படத்தின் முன்னால் நின்று சரி என்றேன். முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். நாய் துரத்தினாலும் எண்ணைக் குறித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன். கொடுத்த வேலையை நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று நீங்கள் ஒருகாலும் நினைத்துவிடக் கூடாது.

கெடுத்தது தாணே ஸ்டேஷன் வடா பாவ்.

அதற்கும் மூலகாரணம் வத்சலாதான். நான் கிளம்பும்போது சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்று, "இந்தக் காரியத்துக்கு என் கையால சப்பாத்தி கட்டித் தரமாட்டேன். ஒருத்தி கல்யாணத்தை நிறுத்தப் போறவங்க பட்டினியாவே போயிட்டு வாங்க" என்றாள். நானும் ரோஷத்தில் கட்டுச்சாதம் இல்லாமலே ரயிலேறிவிட்டேன். விடிந்ததும் கல்யாண் ஸ்டேஷன் வந்தது. அடுத்தது தாணே, இறங்கியதும் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மாத்திரை உள்ளே போனதுதான் தாமதம், ரயில் நின்றது. எதற்கு நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் லோக்கல் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைப் பார்த்துச் சிரிக்காத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்து, தாணேயில் நான் கால் வைத்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. உள்ளங்கை வேர்த்து, விரல்கள் தானாக ஆட ஆரம்பித்திருந்தன. நாக்கு மரத்துப்போயிருந்தது. இன்னும் கால்மணியில் ஏதாவது உள்ளே போகவில்லையென்றால் பதிவு அலுவலகத்துக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பேன். அந்த உறையை யார் கொடுத்திருப்பார்கள்? ஆகவே நான் சாப்பிடப் போனதே உங்கள் காரியத்துக்காகத்தான்.

பிளாட்பாரத்திலேயே ஒரு ஸ்டால். மேலே மஞ்சளாக ஒரு பல்பு, கீழே கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி, அதைச் சுற்றி மூன்று வரிசைக்கு ஆட்கள். நம் ஊரில் கடைக்குப் போனால் "வாங்க வாமன்ராவ், உக்காருங்க" என்பான். இங்கே நான் மரியாதையாக, "ஐயா, ஒரு வடா பாவ் கிடைக்குமா?" என்று நான்கு முறை கேட்டேன். என் தலைக்கு மேலே கைகள் நீண்டு பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போயின. கடைசியில் பின்னாலிருந்த ஒருவன், "மாமா, இங்க கேட்டா கிடைக்காது, கத்தினாதான் கிடைக்கும்" என்று சொல்லி, எனக்காக அவனே, "மாருதி! இந்தப் பெரியவர் மயங்கி விழறதுக்குள்ள ஒண்ணு குடு!" என்று கத்தினான். மாருதி என்கிற அந்த ஸ்டால்காரர், தடித்த மீசைக்காரர், ஒரே நொடியில் பாவ் ரொட்டியைக் கிழித்து, சிவப்புப் பூண்டுப் பொடி தூவி, வடையை வைத்து அமுக்கி, பேப்பரில் சுற்றி நீட்டினார். "காரம் பார்த்து மாமா, மிளகாய் இன்னைக்குக் கோவமா இருக்கு."

பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். உங்கள் உறையை ஸ்டால் பலகையின்மேல் வைத்து, பறக்காமல் இருக்க முழங்கையை அதன்மேல் ஊன்றினேன். கடித்தேன். அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் கடி தேவாமிர்தம். வடை சுடச்சுட உள்ளே உடைந்தது, பூண்டு மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, உயிர் திரும்பி வருவது எனக்கே தெரிந்தது. இரண்டாவது கடி கடித்துவிட்டுப் பாவை வாயிலிருந்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். வந்தது. கூடவே என் மேல்பல் செட்டும் வந்துவிட்டது. நீங்கள் சிபாரிசு செய்த டாக்டர் கட்டினதுதான். பாவின் நடுவிலே வரிசையாகப் பதிந்துகொண்டு, அது என்னைப் பார்த்து இளித்தது.

அதைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ள ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் பிளாட்பாரத்தில் ஒரு லோக்கல் வந்து நின்றது. நீங்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. அது நடக்கிற கூட்டமில்லை, நகர்கிற சுவர். இறங்குகிறவர்கள் என்னை ஸ்டாலிலிருந்து பிய்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள், ஏறுகிறவர்கள் அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். என் இரண்டு பாதங்களும் தரையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வடா பாவ் பிடித்த கையை மட்டும் சுதந்திரப் போராட்டத் தியாகி கொடி பிடித்த மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன், அதில் என் பல் இருந்ததால். "நான் வரலை! நான் வரலை!" என்று கத்தினேன். பல்லில்லாத வாயில் அது எப்படிக் கேட்டதோ, உள்ளேயிருந்து யாரோ, "வாங்க வாங்க, இடம் இருக்கு" என்று தோளைப் பிடித்து இழுத்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது. பையும் உறையும் ஸ்டாலில். மணி பத்து ஐந்து. நானோ தாணேயை விட்டு, வந்த வழியே கல்யாண் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். அது ஃபாஸ்ட் வண்டி. டோம்பிவிலிவரை எங்கும் நிற்காதாம்.

நான் ஏறியிருந்தது சாமான் பெட்டி. கீரைக்கட்டு, பால் கேன், வாழைத்தார், இவை எல்லாவற்றையும்விட அதிகமாக மீன் கூடைகள். பலகையில் கோலி இனத்து மீன்காரிகள் நான்கைந்து பேர், காலடியில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். நம் வீட்டில் வெங்காயத்துக்கே நாலு மாதம் விலக்கு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, கட்டான உடம்பு, கொண்டையில் பெரிய மல்லிகைச் சரம், ஹௌசாபாய் என்று பெயர், என் கையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணே, அதை மேலே தூக்கிட்டு நிக்கிறீங்க? சாமிக்கா?"

நான் கையைத் தாழ்த்திப் பாவைப் பிரித்துக் காட்டினேன். அவள் வாயைப் பிளந்தாள். "அடியே, இங்க பாருங்கடி! தாணேயில இப்பல்லாம் பல்லு வச்சே விக்கிறானுங்க! நாம மெல்லக்கூட வேண்டாம் போல!" பெட்டியே குலுங்கியது. பால்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் கேன் மூடி கழன்று உருண்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குக் கண்முன்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி," என்றேன். "கல்யாணம். தாணே. பதினொன்றரை." இவ்வளவும் ஓரளவு சரியாக வந்தன. அதற்குப் பிறகு, "தடுக்கணும்" என்றேன். மேல்பல் இல்லாமல் அந்தச் சொல்லை நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர்கள் காதில் "கொடுக்கணும்" என்று விழுந்திருக்கிறது.

சிரிப்பு சட்டென்று நின்றது. "தங்கச்சிக்குக் கல்யாணமாம்டி. கொண்டுபோய்க் கொடுக்கணுமாம். பாவம், கூட்டம் அடிச்சிட்டு வந்திருச்சு." ஒருத்தி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ஒருத்தி வாழைப்பழம் பிய்த்து வாயில் திணித்தாள், அது சர்க்கரைக்கு நல்லதாயிற்று. ஹௌசாபாய் என் கையிலிருந்த பல்லை வெடுக்கென்று பிடுங்கி, நான் ஐயோ என்று கத்துவதற்குள், கூடையின் அடியிலிருந்த ஐஸ் தண்ணீரில் ஒரு அலசு அலசி, "இந்தாங்க, சுத்தமாயிடுச்சு" என்று நீட்டினாள். அண்ணா, நம் வம்சத்துக்கு இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. நான் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். டோம்பிவிலி பிளாட்பாரக் குழாயில் ஏழு முறை கழுவிய பிறகுதான் வாயில் வைத்தேன். ஆனாலும் வாளை மீனின் வாசனை மறுநாள்வரை போகவில்லை. இதை அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

பல் வாய்க்குள் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தன் கூடையை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, "என் வாடிக்கை வீடுங்களுக்கு நீங்களே போட்டுடுங்கடி, நான் இவரை ஏத்திவிட்டு வரேன். தனியா விட்டா இவரு புனேக்குப் போயிடுவாரு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓட ஆரம்பித்துவிட்டாள். மேம்பாலத்தில் எதிரே வரும் கூட்டத்தை அவள் பிளந்த வேகத்தில் எனக்குப் பேச மூச்சில்லை. ஏற்றிவிடுவதாகச் சொன்னவள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க தாணேயில இறங்கமாட்டீங்க, இறக்கித்தான் விடணும்" என்று தானும் ஏறிக்கொண்டாள். மணி பத்து நாற்பது.

நின்றுகொண்டே வந்தோம். தங்கச்சிக்கு என்ன வயது என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு என்றேன். நக்கல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். "ரெண்டாவதா?" ஆமாம் என்றேன். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தங்கச்சி தனியாகவா இருக்கிறாள் என்று கேட்டாள். பதினான்கு வருடமாக என்றேன். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். எனக்கு அதுவும் தெரியவில்லை. இத்தனை வருடம் மீட்டர் பார்த்தேனே தவிர அதை நான் கேட்டுப் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கும் ரெண்டாவதுதான் அண்ணே. கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தன். கல்யாணத்துக்கு வான்னு ஆள் அனுப்பினேன். படகு வெளியே போயிருக்கு, வந்ததும் வரேன்னான். பதினாறு வருஷம் ஆச்சு. அந்தப் படகு இன்னும் கரைக்கு வரலை." பிறகு கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து என் சட்டைப் பையில் திணித்தாள். "தங்கச்சிக்குக் கொடுங்க. ஹௌசாபாய் கொடுத்தான்னு சொல்லுங்க. நீங்க நல்லவரு. பல்லை விட்டாலும் தங்கச்சியை விடலை."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓடுகிற ரயிலிலிருந்து தள்ளிவிட்டுவிடுவாளோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது.

தாணேயில் இறங்கியபோது பதினொன்று ஐந்து. ஸ்டாலுக்கு ஓடினோம். என் பை பத்திரமாக இருந்தது. மாருதி என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் முன்பு இருந்த மாதிரி இல்லை. கடலை மாவு டப்பாவுக்கு அடியிலிருந்து உறையை எடுத்தார். எண்ணெய் ஊறி அது கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, ஒட்டிய பசையும் விட்டுப்போயிருந்தது.

"மாமா, முகவரி இருந்தா கொண்டுபோய்ச் சேர்க்கலாமேன்னு உள்ள இருந்ததைப் பார்த்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்களோடதா?"

"என்னோடதுதான், கொடுங்க," என்று கையை நீட்டினேன்.

"இருங்க," என்றாள் ஹௌசாபாய். "என்ன எழுதியிருக்கு? வாழ்த்தா? படிங்க, கேட்போம்."

மாருதி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் படித்தார். சட்டியில் வடைகள் கருகிக்கொண்டிருந்தன, வரிசையில் நின்றவர்கள்கூடக் கத்தவில்லை. "மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு. இத்திருமணத்துக்கு எங்கள் குடும்பத்தின் சம்மதம் இல்லை. மணப்பெண்ணுக்கு வயதான காலத்தில் புத்தி பேதலித்துவிட்டது. குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் இதை உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைக் கொண்டுவரும் என் தம்பி வாமன் இதற்குச் சாட்சி."

அண்ணா, உறை ஒட்டியிருந்ததால் அந்தப் புத்தி பேதலித்த வரியை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் சாட்சி என்று நீங்கள் எழுதியிருப்பதும் எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத முப்பது பேருக்கு நடுவே, வடை வாசனையில், அதை ஒரு ஸ்டால்காரர் வாயால் கேட்டேன்.

ஹௌசாபாய் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. மெல்லிய குரலில்தான் பேசினாள். "இதைக் கொடுக்கத்தான் நான் கூடையை விட்டுட்டு உங்களை இழுத்துட்டு ஓடி வந்தேனா?"

"நான் சொன்னேன் ஹௌசாபாய், தடுக்கணும்னுதான் சொன்னேன், உங்க காதில..."

"போங்க. போய்க் கொடுங்க. இப்பத்தான் பல்லு இருக்கே, அந்த ஆபீசர்கிட்ட தெளிவாச் சொல்லுங்க."

திரும்பி நடந்தாள். கூட்டம் அவளை ஒரு நொடியில் விழுங்கிவிட்டது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாருதி இன்னொரு வடா பாவைச் சுற்றி என் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க மாமா. முதல்ல தெம்பா நில்லுங்க. அப்புறம் யாரை வேணா தடுங்க." மிளகாய் போடாமல் கொடுத்திருந்தார். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதைச் சாப்பிட்டு முடித்து, வெளியே வந்து, ஆட்டோ கிடைக்காமல் அலைந்து, நான் பதிவு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம். எல்லாம் முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். எண்ணெயில் ஊறிய கடிதத்தை எந்த அதிகாரிதான் கையால் தொடுவார்? ஆக, முயற்சியில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும், விதி பூண்டுப் பொடி ரூபத்தில் வந்து குறுக்கே நின்றது என்பதையும் தாங்கள் பெரிய மனதோடு புரிந்துகொண்டு, நான்காவது தந்தியைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் நமஸ்காரமும் வத்சலாவின் நமஸ்காரமும். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் நிழல் எங்கள் தலைமேல் நூறு வருடம் இருக்க வேண்டும்.

தங்கள் பாதங்களை என்றும் மறவாத,
வாமன் ஜோக்லேகர்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப்போகும்போது வத்சலா இதை வாங்கிப் படித்தாள். "தாணே ஸ்டால் வரைக்கும் தெளிவா எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் ஏன் உங்களுக்குத் திரும்பவும் பல்லு கழண்டுபோச்சு?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் திரும்ப என் கையில் வைத்தாள். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே மேலே ஆட்டோ கிடைக்காமல் அலைந்ததிலிருந்து நூறு வருடம்வரை உள்ளதை அடித்துவிட்டுக் கீழே உள்ளதைப் படிக்கவும். நூறு வருடத்தை மட்டும் அடிக்க வேண்டாம்.

ஆட்டோ உடனே கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. ஏறுவதற்கு முன்னால், மாருதியிடம் ஒரு டஜன் வடா பாவ் கட்டச் சொன்னேன். அவரிடம் பேப்பர் தீர்ந்திருந்தது. நான் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு காகிதத்தில் பன்னிரண்டு அடங்காது என்பதால் மீதிக்கு உறையையும் பிரித்துக்கொண்டார்.

குமுத் படிக்கட்டில் நின்றிருந்தாள். பச்சைப் புடவை, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். பதினான்கு வருடமாக வெறுங்கையாகப் பார்த்த கை. பக்கத்தில் கதம், ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்து நண்பர்கள் இருவர். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டுமாம். மூன்றாவதாக வருவதாகச் சொன்ன டீச்சர் வரவில்லை. ஆளில்லையென்றால் வேறொரு நாள் வாருங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதாவது அண்ணா, நான் டோம்பிவிலியிலேயே இருந்திருந்தால் நீங்கள் நினைத்தபடி கல்யாணம் தானாகவே நின்றிருக்கும்.

குமுத் என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா? ஓடி வரவில்லை, அழவில்லை. வளையல் கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் கிட்டே போனேன். அவள்தான், சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்பது மாதிரியே, "சாப்பிட்டியா சின்னண்ணா?" என்றாள்.

"சாப்பிட்டேன்," என்றேன். "உங்களுக்கும் வாங்கிட்டு வந்திருக்கேன்."

ஹௌசாபாயின் மல்லிகையைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "இது என்ன, மீன் வாசனை?" என்று மூக்கைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய் மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். பேனாவில் வடை எண்ணெய் பட்டு 'வாமன்' கொஞ்சம் பரவிவிட்டது. அதிகாரி உட்பட எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். விருந்து அவ்வளவுதான். கதம் தன் பங்கில் பாதியை என் பக்கம் தள்ளினார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்வார்.

இனி, நீங்கள் கோபப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது குமுத் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சின்னண்ணா, உண்மையைச் சொல்லு. நீயா வந்தியா, பெரியண்ணா அனுப்பி வந்தியா?" என்று கேட்டாள்.

நான், "பெரியண்ணாதான் அனுப்பினார்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அதுவரை அழவே இல்லை. பெரியண்ணா காலில் விழாமல் புது வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று இத்தனை நாளாகப் பழைய வாடகை அறையிலேயே இருக்கிறாள். பள்ளி விடுமுறை விட்டதும் இருவரும் வருகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை யவத்மாலில் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணிக்கு முன்னாலேயே தனியாக எழுதிவிட்டேன். அவள் தும்மலை மறந்து விருந்துக்கு அரைக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

என்னைக் கழுதை என்று இன்னொரு முறை தந்தி அடியுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் பொய்யன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யோசித்துப் பாருங்கள், அண்ணா. நீங்கள்தானே அனுப்பினீர்கள்?